கதவுக்கு வெளியே விட்ட செருப்பு

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. நர்ஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதை என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். என் காலத்தில் கண்ணால்கூடப் பார்க்காத மருந்துகள் இன்று உங்கள் மேசையில் இருக்கின்றன. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் அறையில் இருபத்தாறு வருடம் நர்ஸாக நின்றுவிட்டு, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்த சிஸ்டர் கட்டினா புண்ணு பயந்துக்கிட்டே ஆறிப்போகுமுங்க" என்று நோயாளிகள் வெளியே பேசிக்கொள்வது காதில் விழும். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு பெண்ணின் கால் கட்டைவிரலை ஏறக்குறைய வாங்கிவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்கிறேன். என் மானம் போகிற கதைதான். உங்களுக்காகப் போகட்டும்.

அவர் பெயர் துளசிமணி. வயது ஐம்பது இருக்கும். கருமத்தம்பட்டிப் பக்கம் வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் நான்கு விசைத்தறி. கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவார்கள். பத்து வருடமாகச் சர்க்கரை. வலது கட்டைவிரலுக்கு அடியில், உடம்பின் பாரமெல்லாம் இறங்குகிற இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் அவருக்கு வலி தெரியாது. தரையில் பதிந்த ரத்தக்கறையைப் பார்த்துத்தான் புண் வந்ததே தெரிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட புண்ணுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், கிருமி ஏறக்கூடாது, அந்த இடத்தில் பாரம் விழக்கூடாது. துளசிமணிக்கு முதல் மூன்றும் சரியாக இருந்தன. நான்காவதற்குத்தான் மெத்தென்ற அடியும், புண் இருக்கும் இடத்தில் குழிவும் வைத்துச் செருப்பு செய்து கொடுத்தோம். புண் மட்டும் ஆறவில்லை. நான்கு மாதமாக வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வருவார். நான் அளப்பேன். கொஞ்சம் குறையும், மறு வாரம் பழையபடி வந்து நிற்கும்.

"செருப்புப் போட்டுக்கறீங்களா அக்கா?"

"போட்டுக்கறனுங்க சிஸ்டர்."

"மாத்திரை?"

"ஆச்சுங்க."

"அதிகமா நிக்கறதில்லியே?"

"இல்லாமப் பாத்துக்கறனுங்க."

எதைக் கேட்டாலும் சரிங்க, ஆச்சுங்க, பாத்துக்கறனுங்க. நம் ஊர்க்காரர்களிடம் இந்த மரியாதை பிறவியிலேயே வருகிறது. வெள்ளைச் சேலை கட்டியவள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்வதைப் பெரிய அவமரியாதையாக நினைப்பார்கள். நானும் இதே ஊர்க்காரிதான், எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஆமாம் என்ற பதில் காதுக்குச் சுகமாக இருக்கிறது. சுகமாக இருப்பதை யார் கிளறிப் பார்ப்பார்கள்?

ஒரு நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. எனக்கு விடை கிடைத்துவிட்டது. வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அறைக்கதவு திறந்திருக்க, சத்தமாகக் கேட்டேன்: "நோம்பிக்குக் கச்சாயம் சுட்டுத் தின்னீங்களாக்கும்? நாங்க இங்க கட்டிக் கட்டி விடறோம், நீங்க அங்க வெல்லப்பாகுல கொட்டிக் கவுக்கறீங்க. விரலு வேணுமா வேண்டாமா?" அவர் முகம் சிவந்து போனது. "இனிமேப் பாத்துக்கறனுங்க" என்றார். நான் வென்றதாக நினைத்துக்கொண்டேன். அந்தச் சர்க்கரை ஏறியதற்குக் காரணம் அதற்கு முந்தின இரண்டு நாள் அவருக்கு இருந்த சளிக்காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

எங்கள் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை மருத்துவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. துளசிமணியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். எலும்புக்குள் இன்னும் கிருமி இறங்கவில்லை. "இப்படியே உட்டா எறங்கீரும். அப்பறம் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டி வரும். அதுக்கு முன்னால விரலோட நிறுத்திக்கறது நல்லது" என்றார். திங்கட்கிழமை அறுவை என்று முடிவாயிற்று. துளசிமணி அதற்கும் சரிங்க என்றார். போகும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், கட்டைவெரலு இல்லாம தறிக்கு நிக்க முடியுமுங்களா?"

முடியும் என்று சொன்னேன். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை கருமத்தம்பட்டியில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும், பக்கத்தில்தானே துளசிமணி வீடு என்று நினைவு வந்தது. எட்டிப் பார்த்து ஆறுதல் சொல்லலாம் என்று போனதாகச் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பொய். சமையலறையில் இனிப்புத் தூக்கைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

தறி ஓடுகிற சத்தம் தெருமுனையிலேயே வழி காட்டியது. குடோன் வாசலில் நாங்கள் செய்து கொடுத்த செருப்பு இருந்தது. சுவரோரமாக, ஒரு பிளாஸ்டிக் கவர் விரித்து அதன் மேல் ஜோடியாக வைத்திருந்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மாதச் செருப்பு, அடி பெரிதாகத் தேயவே இல்லை. அதைக் கீழே வைத்தேன். அதன் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். ஆமாம், நானும் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது.

உள்ளே சிமெண்டுத் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. நூல் கழிவு, பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு. நாலடி வைப்பதற்குள் ஒரு சின்ன நட்டு என் உள்ளங்காலில் ஏறி, ஸ்ஸ் என்று காலைத் தூக்கினேன். எதிரே துளசிமணி இரண்டு தறிகளுக்கு நடுவே, வெறும் கட்டுப் போட்ட காலோடு, அறுந்த நூலைப் பிடிக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு அந்த ஸ்ஸ் கிடையாது. எது குத்தினாலும் அவர் கால் அவரிடம் சொல்லாது. நான்கு மாதமாக என் அறையில் நான் கட்டி அனுப்பிய புண்ணை, அவர் ஒவ்வொரு நாளும் இந்தத் தரையில் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் தறியை நிறுத்திவிட்டு வெளியே கூட்டி வந்தார். நாற்காலி, தண்ணீர், மோர் என்று அலைபாய்ந்தார். நான் அவரை உட்காரவைத்து, "செருப்புப் போடறேன்னு சொன்னீங்களேக்கா" என்றேன். முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டேன். அதுவே அதட்டலாகத்தான் வந்தது.

"போடறனுங்களே. ஆசுபத்திரிக்கு வாரப்ப, கடைக்குப் போறப்ப, ஒறம்பரை ஊட்டுக்குப் போறப்ப எல்லாம் போட்டுத்தானுங்க போறன்."

"ஊட்டுக்குள்ள? குடோன்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அதிர்ச்சி தெரிந்தது. "தறி ஓடற எடத்துல செருப்புங்களா? ஆயுத பூசைக்குச் சந்தனம் வெக்கற எடமுங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, தப்பு செய்தவர் போலச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். உங்க ரூமுக்கு முன்னாலயும் செருப்பைக் கழட்டிப்போட்டு வரச்சொல்லித்தானுங்க எழுதியிருக்குது. சுத்தமான எடத்துல அதைப் போடக்கூடாதாட்ட இருக்குதுன்னு நானா நெனச்சுப்போட்டேன்."

அந்தப் பலகையை எழுதியது நான்தான். 'செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரவும்' என்று சிவப்பு மையில், என் கையால், அடிக்கோடு போட்டு. தரை சுத்தமாக இருந்தால் புண்ணுக்கு நல்லது என்று பத்து வருடம் முன்னால் மாட்டினேன். காலில் உணர்ச்சி இல்லாதவர்களையெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை வெறுங்காலில் வரிசையில் நிறுத்தி, வெறுங்காலோடு வெளியே நடக்காதீர்கள் என்று உள்ளே உட்கார்ந்து உபதேசம் செய்துகொண்டிருந்தேன். கச்சாயத்தைத் தேடி வந்தவளுக்கு நல்ல விருந்து.

வெள்ளிக்கிழமை காலை பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பலகை வரைக்கும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், செருப்பு போடவில்லை என்று நோயாளி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். அந்த எண்ணம் பஸ்ஸிலேயே ஒரு முறை வந்து போனது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் உடனே எழுந்தார். மருத்துவர்கள் வந்துபோவது பின்பக்க வாசல் வழியாக. அன்று அவர் முன்பக்கமாக நடந்து டிரெஸ்ஸிங் அறை வாசலுக்கு வந்தார். காலை நேரம், செருப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றில் ஆறேழு ஜோடி நாங்களே செய்து கொடுத்தவை. பெரியவர் பலகையைப் படித்தார். "பத்து வருசமா நான் இந்த வாசல்ல வந்ததே இல்லீங்க அம்மணி. தப்புல பாதி என்னோடது" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

நான் பலகையைக் கழற்றினேன். துளசிமணிக்கும் அவர் கணவருக்கும் போன் செய்து அன்றே வரச் சொன்னோம்.

கணவர் அமைதியான மனிதர். ஆனால் அன்று கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தார். தறிக்கு ஆள் ஏற்பாடு செய்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, மனசைத் தேற்றி வைத்திருக்கிறார்கள். "எடுத்துப்போடுங்க டாக்டர். நாளைக்குப் பாதம் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட இடத்தில்தான் நம் தொழிலே இருக்கிறது. காத்திருந்து கிருமி எலும்புக்குள் இறங்கினால் ஒரு விரலுக்குப் பதிலாகப் பாதி கால் போகும். எடுத்துவிட்டால், தேவையில்லாமல் ஒரு விரல் போகும். அதோடு, செருப்பில்லாத தரை அப்படியே இருந்தால், வெட்டிய இடத்திலேயே அடுத்த புண் வரும்.

பெரியவர் அவருக்கு நேராக உட்கார்ந்து சொன்னார்: "மருந்து கொடுத்தோம், வேலை செய்யலைன்னு நெனச்சோம். இப்பத்தான் தெரியுது, மருந்தை நாங்க இன்னும் கொடுக்கவே இல்லை. ரெண்டு வாரம் குடுங்க. ஒரு நாள் உட்டு ஒரு நாள் சிஸ்டர் பாப்பாங்க. காய்ச்சல், வீக்கம், நாத்தம், செவப்பு, எது வந்தாலும் அன்னிக்கே விரலை எடுத்தர்றேன்." பிறகு துளசிமணியிடம் திரும்பி, "உங்க காலுங்க. நீங்க சொல்லுங்க" என்றார். துளசிமணி தன் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பலகைக்காகவும் கேட்டேன், கச்சாயத்துக்காகவும் கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த பத்துப் பேர் காதிலும் விழட்டும் என்றுதான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். "அய்யோ, அதெல்லாம் எதுக்குங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வாரம் பாக்கலாமுங்க" என்றார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். தெருவுக்கு ஒரு ஜோடி, வீட்டுக்கு ஒரு ஜோடி என்று இரண்டாகச் செய்து வாங்கிக்கொண்டார். வீட்டுச் செருப்பு தெருவைப் பார்த்ததே இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே காலில் ஏறிவிடும். தறிக்கு நிற்பதை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடி தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். சொல்ல எளிது. பூசை அறைக்கும் குடோனுக்கும் ஒரே மரியாதை கொடுக்கிற வீட்டில், நாலு பேர் பார்க்கச் செருப்புக் காலோடு நடப்பது லேசான காரியமில்லை. கணவரின் அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து, தறிக்குள்ள செருப்பு?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசியிராத துளசிமணி பதில் சொல்லியிருக்கிறார்: "இது காலுக்குக் கட்டுன கட்டுங்க மாமா. கட்டை அவுத்துப்போட்டு உள்ள வான்னு சொல்லுவீங்களா?"

மறுநாள் கணவரும் ஒரு ஜோடி புது ரப்பர் செருப்பு வாங்கி வந்து, போட்டுக்கொண்டு தறிக்கு நடுவே நின்றிருக்கிறார். தன் மனைவி மட்டும் தனியாகத் தெரியக்கூடாது என்று. இதெல்லாம் துளசிமணியே என்னிடம் சொன்னது. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அந்தச் செருப்பைப் பற்றி விளக்கியிருக்கிறேன். 'இது செருப்பு இல்லை, கட்டு' என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

முதல் வார முடிவில் அளந்தேன். அளவு மாறவே இல்லை. என் பேனா தாளின் மேல் நின்றுவிட்டது. ஒரு நூலளவு குறைத்து எழுதினால் யாருக்கும் தெரியாது. துளசிமணிக்கு நம்பிக்கை வரும், பெரியவர் இன்னும் ஒரு வாரம் பொறுப்பார், அதற்குள் ஆறத் தொடங்கிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. அவர் மேல் உள்ள பிரியத்தில் வந்த கணக்குதான். ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் பெரியவர் கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். இருந்ததை இருந்தபடி எழுதினேன். இந்த ஆசை உங்களுக்கும் வரும். நல்ல மனசு உள்ளவர்களுக்குத்தான் அதிகமாக வரும், அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

பெரியவர் தாளைப் பார்த்துவிட்டுப் புண்ணுக்குக் குனிந்தார். "அளவு மாறலை. ஓரத்தைப் பாத்தீங்களா அம்மணி?" என்றார். புண்ணைச் சுற்றி எப்போதும் காய்ப்புக் காய்த்து வெள்ளையாக நிற்கும் வளையம் அன்று மெத்தென்று இருந்தது. மிதிபடாத தோலின் ஓரம் அது. அளவையே வெறித்துக்கொண்டிருந்ததில் நான் அதைப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் அளவும் குறைந்தது. ஆறாவது வாரம் பாதியானது. ஏறக்குறைய நான்கு மாதத்தில், விரலோடும் நகத்தோடும், புண் மூடியது.

மூடிய அன்று அறையே கொண்டாட்டமாக இருந்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மாகூட உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். செருப்போடு எல்லோரும் உள்ளே வருவதால் தினமும் கூடுதலாக இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கிறது என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர். நான் அட்டையில் 'முழுதும் ஆறியது' என்று எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, "அவ்வளவுதாங்க்கா. இனி மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்று அட்டையை நீட்டினேன்.

துளசிமணி அதை வாங்கவில்லை.

"இல்லீங்க சிஸ்டர்" என்றார்.

அவர் இடது காலைத் தூக்கி என் மேசை விளக்குக்குக் கீழே வைத்தார். நான் அன்று பார்க்காத கால். கொண்டாட்டத்தில் கேட்கவும் மறந்த கால். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், செருப்பு வார் உரசுகிற இடத்தில், மிளகளவு ஒரு கொப்புளம்.

"தெனமும் காலைல கண்ணாடியைக் கீழ வெச்சு ரெண்டு காலையும் பாக்கறனுங்க. இது நேத்துத்தான் வந்துச்சு. வலி இல்லீங்க. அதனாலதானுங்க பயமா இருக்குது. மூணு மாசமெல்லாம் முடியாதுங்க. இதை இப்பவே பாத்துப்போட்டு, வாரை மாத்திக் குடுங்க."

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் 'இல்லீங்க' அது. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்தேன்.